ஈக்கோ போட்டும் பெற்றோல் குடிக்கிற ஹைபிரிட்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

மட்டக்களப்பு, அம்பாறை வீதிகளில் கண்ணில் படும் ஹைபிரிட்டுகள், அதாவது பெற்றோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் உள்ள கார்கள், அநேகமாக டொயோட்டாவின் அக்குவா, பிரியஸ், அக்சியோ, ஹொண்டாவின் ஃபிட், வெசல், சுசுகியின் வாகன் ஆர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 தொடக்கத்தில்தான். அதனால் இவற்றில் பல பத்து வயதைத் தாண்டிவிட்டன. பத்து வயது ஹைபிரிட்டில் “ஈக்கோ போட்டுப் பார்த்தேன், ஒண்டும் கூடுதில்ல” என்றால் அந்தப் பட்டனில் பிழை இருப்பது அரிது.

பட்டனில் வரும் மோடுகளில் ஈக்கோ, எக்ஸிலேட்டரை மந்தமாக்கும். ஏசியைக் கொஞ்சம் அடக்கும். பவர், எக்ஸிலேட்டரைக் கூர்மையாக்கும். இன்ஜினின் உச்ச வலு இரண்டிலும் ஒன்றுதான். ஈவி, சிறிது தூரத்துக்கு இன்ஜினை எழுப்பாமல் வைத்திருக்கும். பிரியஸில் இந்த மூன்றும் உண்டு. அக்குவாவில் ஈக்கோவும் ஈவியும் மட்டும். பெற்றோல் மிச்சமாவது காலிலும், டயரிலும், பற்றரிக்குப் போகும் காற்றிலும்.

முதலில் கணக்கைச் சரிபாருங்கள்

டிஸ்பிளேயில் வரும் சராசரி பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். ஒரே பெற்றோல் செட்டில், முடிந்தால் ஒரே பம்பில், குழாய் தானாக வெட்டும் முதல் ‘டக்’ சத்தத்தோடு நிறுத்தி டாங்க் நிரப்புங்கள். ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்கிக் குறைந்தது 300 கி.மீ. ஓடிவிட்டு அதே மாதிரி மறுபடி நிரப்புங்கள். 412 கி.மீ. ஓடி 19.6 லீற்றர் போனால் லீற்றருக்கு 21 கி.மீ. டிஸ்பிளே 22.5 காட்டியிருந்தாலும் அது பழுதல்ல.

அக்குவா 2011 கடைசியில் ஜப்பானில் வந்தபோது ஜேசி08 என்ற அந்நாட்டு எரிபொருள் சோதனையில் லீற்றருக்கு 35.4 கி.மீ. என்று விளம்பரம் செய்தார்கள். அந்தச் சோதனை ஏசி போடாமல் உருளையில் வைத்து ஓட்டியது. நம் வெயிலில் ஏசியோடு 20 முதல் 24 வரை எடுத்தால் அந்தக் கார் நன்றாகவே இருக்கிறது. 17க்குக் கீழே போனால் கீழே உள்ள அறிகுறிகளில் ஒன்று அநேகமாக இருக்கும். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஒரு டாங்க் ஓடிப் பாருங்கள். டயருக்குக் காற்று, புது ஒயில், பில்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

“ஈக்கோவிலயும் அதே கணக்குத்தான்”

ஈக்கோவில் கார் இழுக்கவில்லை என்று காலை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறீர்கள். பட்டன் குறைத்ததைக் கால் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இதைப் பிடிக்க டிஸ்பிளேயில் ஹைபிரிட் சிஸ்டம் இண்டிகேற்றர் என்ற நீளப் பட்டையைத் திறந்து வையுங்கள். இடப்பக்கம் சார்ஜ், நடுவில் ஈக்கோ, வலது முனையில் பவர். ஈக்கோப் பகுதியின் நடுவே ஒரு கோடு இருக்கும். பட்டை அந்தக் கோட்டுக்குள் நின்றால் கார் பெரும்பாலும் மோட்டாரில் ஓடுகிறது, தாண்டினால் இன்ஜின் எழும்பும்.

கோட்டைத் தாண்டக் கூடாது என்று நினைத்து கலர் லைட்டில் இருந்து நத்தையாக ஊருவதுதான் பலர் விடும் பிழை. பின்னால் ஹோர்ன் அடிப்பது ஒரு புறம். அப்படி ஊரும்போது செலவாகும் மின்சாரமும் பெற்றோலில் இருந்து வந்ததுதான்; பற்றரிக்குள் போய் வெளியே வருவதற்குள் ஒரு பங்கு சூடாகப் போய்விட்டது. இன்ஜின் எழும்பட்டும். பட்டை ஈக்கோப் பகுதியின் வலப்பாதியில் நிற்கும் அளவுக்கு அழுத்தி 45, 50 வரை உறுதியாக எடுங்கள். மறுகா காலை முழுதாக எடுத்து, ஒரு மூச்சு விட்டு, இறகு வைப்பது போல மெல்ல வையுங்கள். இன்ஜின் அணைந்து கார் மிதக்கும்.

கல்லடிப் பாலத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஏறும்போது பட்டை கோட்டைத் தாண்டும்; தாண்டட்டும். இறங்கத் தொடங்கும் இடத்தில் காலை எடுத்தால் பட்டை இடப்பக்கம் சார்ஜுக்குப் போகும். கொஞ்சம் மட்டும் வைத்தால் இரண்டுக்கும் நடுவில் நின்று கார் சும்மா உருளும். முன்னால் நிறுத்த வேண்டிய தேவை இல்லையென்றால் சார்ஜ் ஆவதை விட உருளுவதுதான் இலாபம்.

காத்தான்குடி பிரதான வீதி போல ஆளும் சைக்கிளும் ஆட்டோவும் குறுக்கே வரும் இடத்தில் பிறேக்தான் உங்கள் பெற்றோல் செட். தூரத்திலேயே காலை எடுத்து நீளமாக, மெல்லப் பிறேக் பிடித்தால் வேகம் மின்சாரமாகிப் பற்றரிக்குப் போகும். சார்ஜ் பட்டை முனைவரை நிரம்பிய பிறகும் அழுத்தினால் மிச்சமெல்லாம் பிறேக் பாட்டில் சூடாகப் போகிறது. வேகம் 10 கி.மீ. அளவுக்கு இறங்கியதும் எப்படியும் பாட் பிறேக்தான் பிடிக்கும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஒரு விசயம்: கலர் லைட்டில் நியூட்ரலுக்கு மாற்றாதீர்கள். சாதாரண ஆட்டோ கியர்காரர்களிடம் இருந்து ஒட்டிய பழக்கம் இது. டொயோட்டா ஹைபிரிட்டில் நியூட்ரலில் பற்றரி சார்ஜ் ஆகாது. ‘டி’யில் பிறேக் பிடித்து நில்லுங்கள்.

“ஈவியை அமத்தினா ஏற்குதில்ல, ஏற்றாலும் கொஞ்ச தூரத்தில வெட்டுது”

இது அநேகமாகப் பழுதல்ல. இன்ஜின் இன்னும் சூடாகவில்லை, டிஸ்பிளேயில் சார்ஜைக் காட்டும் எட்டுப் பற்றரிக் கட்டம் இரண்டு மூன்றுக்கு இறங்கிவிட்டது, பற்றரி வெயிலில் சூடேறிவிட்டது, வேகம் கூடிவிட்டது (மாதிரியைப் பொறுத்து ஏறக்குறைய 40 முதல் 55 கி.மீ.), காலை ஊன்றி அழுத்திவிட்டீர்கள். இதில் ஒன்று இருந்தாலும் ஈவி மறுக்கும்.

அக்குவாவின் பெரிய பற்றரி 144 வோல்ற், 6.5 அம்பியர் மணி. பெருக்கிப் பார்த்தால் ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதிலும் கார் பயன்படுத்த விடுவது ஏறத்தாழ 40 முதல் 80 சதவீதத்துக்கு இடைப்பட்ட பங்கைத்தான், அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவு. ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கியிருப்பது ஏறக்குறைய 9 யூனிட். எனவே ஈவி என்பது சில நூறு மீற்றரில் இருந்து ஒன்றிரண்டு கிலோமீற்றருக்கு மட்டும். அதைத் தீர்த்துவிட்டால், அந்தக் குறையை நிரப்ப இன்ஜின் அடுத்த வீதியில் கூடுதலாக உழைக்கும். வீட்டு முற்றத்தில் காரை மாற்றி நிறுத்தவும், விடியற்காலையில் சத்தமில்லாமல் ஒழுங்கையை விட்டு வெளியேறவும்தான் இந்தப் பட்டன் நல்லது. பெற்றோல் மிச்சத்துக்கு அதைத் தொடாமல் விடுவதே மேல்.

“நிண்டாலும் இன்ஜின் நிக்குதில்ல”

புறப்பட்டு முதல் சில நிமிடங்கள் என்றால் அது இயல்பு. பூனைக்குட்டி போல் கொஞ்சம் உறுமிக்கொண்டு புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கியையும் இன்ஜினையும் சூடாக்குகிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் 70 பாகை தாண்டும்வரை அது முழு மனதோடு அணையாது. வீட்டு வாசலில் நிறுத்திச் சூடாக்க வேண்டாம். ரெடி லைட் வந்ததும் மெல்ல ஓடத் தொடங்குங்கள். காலையில் பள்ளிக்கூடம், வீடு, மறுகா சந்தை, வீடு என்று இரண்டு கிலோமீற்றர் ஓட்டங்களாக வெட்டினால் ஒவ்வொரு முறையும் ஆறிய இன்ஜினுக்குத் தண்டம் கட்டுகிறீர்கள். ஒரே சுற்றில் முடித்தால் எந்த மோடும் தராத மிச்சம் கிடைக்கும்.

பத்து நிமிடம் ஓடிய பிறகும் அணையவில்லை என்றால் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

ஏசியின் வெப்பநிலை எதில் நிற்கிறது? வாடைக் காற்றுக் காலத்தில் மழையும் குளிருமாக இருக்கும்போது 28, 29க்கு ஏற்றிவிட்டு அப்படியே மறந்துவிடுவார்கள். கார் சூட்டுக்காற்றுக் கேட்கிறது என்று நினைத்து இன்ஜினை அணைய விடாது. 25க்கு இறக்கியதும் சில விநாடியில் அணைந்தால் பிரச்சினை அதோடு முடிந்தது.

பற்றரிக் கட்டம் இரண்டில் நிற்கிறதா? பள்ளிக்கூட வாசலிலோ ஆசுபத்திரி வாசலிலோ ஏசியோடு அரை மணித்தியாலம் நின்றிருந்தால் இன்ஜின் தன் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஓடத் தொடங்கிக் கட்டம் ஏறியதும் நிற்கும். அந்த அரை மணித்தியாலத்தில் எரிந்த பெற்றோலுக்குக் கிலோமீற்றர் எதுவும் இல்லை என்பதால் சராசரி சட்டென்று விழும். “நேற்றுவரை 22, இண்டைக்கு 18” என்பதற்கு இது ஒரு வழக்கமான காரணம்.

இரண்டும் இல்லையென்றால் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டு தண்ணீர் வெப்பநிலையைப் பாருங்கள். இருபது நிமிடம் ஓடியும் 70ஐத் தாண்டவில்லை என்றால் அந்தத் தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாற் திறந்தபடி சிக்கிக்கொண்டது. பி0128 என்ற பிழைக் கோட் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். தேர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்துவிட்டு “இந்த ஊர்ச் சூட்டுக்கு அது தேவையில்ல” என்று ஓடவிட்ட கார்களிலும் இதே அறிகுறிதான். சாதாரண காரில் அந்தப் பிழை மறைந்து கிடக்கும்; ஹைபிரிட்டில் லீற்றருக்கு லீற்றர் தண்டம் கட்ட வைக்கும்.

“பற்றரிக் கட்டம் ஏறி ஏறி இறங்குது, பின்னால விசிறி கத்துது”

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய அறிகுறி இதுதான். நல்ல பற்றரி சமதரையில் ஆறு கட்டத்தைச் சுற்றி நிதானமாக நிற்கும். ஒரு பிறேக்கில் எட்டுக்குப் பாய்ந்து, ஒரு சந்தி தாண்டுவதற்குள் மூன்றுக்கு விழுகிறது என்றால் உள்ளே தொடராக இணைத்திருக்கும் சிறு பற்றரிகளான மொடியூல்களில் சில கொள்ளளவை இழந்துவிட்டன. அக்குவாவில் 20, மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28 மொடியூல். ஒன்று தளர்ந்தாலும் முழுத் தொடரும் அதன் அளவுக்குத்தான் ஓடும்.

பற்றரிக்குப் பெரிய தொகை செலவழிக்க முன் அது மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். இந்தப் பற்றரிகள் காருக்குள் இருக்கும் காற்றை இழுத்துத்தான் குளிர்கின்றன. அந்தத் துவாரம் பிரியஸில் பின் சீட்டின் பக்கவாட்டில், அக்குவாவில் பின் சீட்டுக்குக் கீழே. சீட் கவர் அதை மூடியிருக்கிறதா? தொழுகைப் பாய், பிள்ளைகளின் உடுப்புப் பை, அரிசி மூட்டை முன்னால் கிடக்கிறதா? அதை எடுத்தாலே விசிறிச் சத்தம் குறையும் கார்கள் உண்டு.

அடுத்தது தூசு. வேளாண்மை வெட்டுக் காலத்தில் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் கண்ணாடி திறந்து ஓடினால் பதரும் வைக்கோல் தூளும் உள்ளே வரும். கடற்கரை மணலும் தலைமுடியும் அதோடு சேரும். காரை அணைத்து, துவாரத்தின் பிளாஸ்டிக் மூடியை விரல் நுனியால் மெல்ல நெம்புங்கள். கிளிப்பில்தான் நிற்கிறது, இழுத்தால் உடையும். சில மாதிரிகளில் பின்னால் மெல்லிய வலை இருக்கும். அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள்: சாம்பல் நிறத்தில் கம்பளி போல் படிந்து மறுபக்கம் தெரியாவிட்டால் லீற்றருக்கு நீங்கள் இழந்த கிலோமீற்றர் அங்கேதான். வாக்குவம் போட்டுத் தூசை எடுத்து, வலையைத் தண்ணீரில் அலசி, முழுதாகக் காய்ந்த பிறகு மட்டும் பூட்டுங்கள். வலை இல்லாத மாதிரியில் தூசு நேரே விசிறிச் சிறகில் போய் ஒட்டும். விசிறியைக் கழற்றிக் கழுவுவது பற்றரிக்குப் பக்கத்தில் கை வைக்கும் வேலை. செம்மஞ்சள் வயர் தெரியும் இடத்துக்குப் பிறகு தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். அந்த வயர்களில் ஓடுவது உயிரைக் குடிக்கும் மின்சாரம்.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை, பெற்றோல் மிச்சம் பிடிக்க ஏசியை அணைத்துக் கண்ணாடியைத் திறந்து ஓடுவது. மத்தியானம் காருக்குள் 38 பாகைக் காற்றுத்தான் இருந்தால் பற்றரிக்கும் அதே காற்றுத்தான். சூடேறிய பற்றரி சார்ஜை ஏற்கவும் தயங்கும், கொடுக்கவும் தயங்கும். அந்தச் சுமை இன்ஜினுக்குப் போகும், பற்றரியின் ஆயுளும் கரையும். வெயிலில் நின்ற காரில் ஏறும்போது இரு பக்கக் கதவையும் ஒரு நிமிடம் திறந்து சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு உட்சுழற்சியில் ஏசியை 25, 26 வைத்து ஓடுங்கள். ஏசிக்குப் போகும் பெற்றோல் வீணல்ல.

தூசு எடுத்து, துவாரம் திறந்து, இரண்டு டாங்க் ஓடியும் கட்டம் ஆடினால் ஸ்கேனரில் தொகுதி வோல்ற்றுகளைப் பாருங்கள். இரண்டு மொடியூல் சேர்ந்த ஒரு தொகுதிக்கு 14.4ஐ ஒட்டிய அளவு சாதாரணம். எக்ஸிலேட்டரை ஊன்றும்போது ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றை விட ஒரு வோல்ற்றுக்கு மேல் விழுந்தால் அது நோயாளி. சிவப்பு முக்கோணமும் பி0ஏ80 கோட்டும் வந்துவிட்டால் கார் அதையே சொல்லிவிட்டது. ஒரு மொடியூலை மட்டும் மாற்றினால் மலிவு. ஆனால் பழையவற்றின் நடுவே புதியது நிற்கும்போது சில மாதத்தில் அடுத்த பலவீனமானது விழும், மறுபடி கராஜ். மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். உப்புக் காற்றில் அவை பச்சை பிடித்து, பற்றரி நன்றாக இருந்தும் பழுது போலவே காட்டும்.

“டவுணில நல்லா எடுக்குது, கொழும்புக்குப் போனா விழுது”

பெற்றோல் காருக்கு நேர்மாறு. ஹைபிரிட் மிச்சம் பிடிப்பது பிறேக்கிலும் நின்று எழும்புவதிலும். வாழைச்சேனை தாண்டி வெலிக்கந்தை, பொலன்னறுவை என்று நீட்டாக ஓடும்போது பெரும்பாலும் இன்ஜின்தான் வேலை. ஊருக்கு வெளியே கார்களுக்குச் சட்டப்படி 70 கி.மீ. அந்த 70ஐ 90 ஆக்கினால் காற்றுத் தடை ஒன்றரை மடங்குக்கும் மேல், சரியாகச் சொன்னால் 1.65 மடங்கு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் செங்கலடியில் இருந்து மகாஓயாப் பக்கம் போனால் காற்று முகத்தில் அடிக்கும். 20 கி.மீ. எதிர்க்காற்றில் 70இல் ஓடினாலும் காருக்கு அது 90தான். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும். போகும் கணக்கை மட்டும் பார்த்துக் கராஜுக்கு ஓடாதீர்கள்.

முந்தும்போது பிரியஸில் பவரைப் போடுவதால் பெற்றோல் கொட்டாது. லொறிக்குப் பக்கத்தில் ஈக்கோவில் இழுபடுவதை விட அதுதான் பாதுகாப்பு. முந்தி முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

கியரில் உள்ள ‘பீ’ நிலையைப் பற்றிப் பெரிய மயக்கம் இருக்கிறது. சார்ஜ் கூட ஏறும் என்று மட்டக்களப்புச் சமதரையில் ‘பீ’யில் ஓடுகிறவர்கள் உண்டு. அது இன்ஜின் பிறேக். இன்ஜினைச் சும்மா சுழற்றி வேகத்தை வீணாக்குகிறது. அதன் இடம் பதுளையில் இருந்து பசறை, லுணுகலை என்று இறங்கி வரும் வளைவுகள். பற்றரி எட்டுக் கட்டமும் நிரம்பி இனி ஏற்காத நேரத்தில் ‘பீ’ போட்டால் பிறேக் பாட் சூடாகாமல் காப்பாற்றும். பிபிலை தாண்டிச் சமதரை வந்ததும் ‘டி’.

“கார் உருளுதில்ல, கனக்குது”

ஆளில்லாத சமதரை வீதியில் 40இல் காலை எடுத்துப் பாருங்கள். சட்டென்று வேகம் விழுந்தால் முதலில் டயர். காலையில், ஓட முன், ஆறிய டயரில் அளக்க வேண்டும். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிலோபாஸ்கலில் இருக்கும்: 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 230 என்றால் 33. ஒன்றிரண்டு பிஎஸ்ஐ கூட்டலாம். 40 அடித்துவிட்டு மழையில் வழுக்குகிறது என்று சொல்லக் கூடாது.

டயர் சரியென்றால் பிறேக். ஹைபிரிட்டில் பாட் அதிகம் தேயாது. ஆனால் அதிகம் வேலை செய்யாததாலேயே பாட்டை அமத்தும் கலிப்பரின் பின்கள் துருப்பிடித்து இறுகும். கடலோர ஊர்களில் இது சீக்கிரம் வரும். பத்து கிலோமீற்றர் ஓடி நிறுத்தி நான்கு ரிம்முக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சில்லுத்தான். வருடத்துக்கு ஒரு முறை பின்களைக் கழற்றித் துப்புரவாக்கி, பிறேக்குக்கு உரிய கிறீஸ் பூசினால் போதும்.

இன்ஜின் ஒயிலும் இதில் சேரும். இந்த இன்ஜின்கள் பெரும்பாலும் 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயில் கேட்பவை. பழைய இன்ஜின் என்று தடித்த 20டபிள்யூ-50 ஊற்றினால், நிமிடத்துக்கு நிமிடம் அணைந்து எழும்பும் இன்ஜினுக்கு ஒவ்வொரு முறையும் சர்க்கரைப் பாகைக் கிண்டுவது போல.

வாகன் ஆர்: “நிக்கேக்க முந்தி அணையும், இப்ப அணையுதில்ல”

இது மைல்ட் ஹைபிரிட். மோட்டார் கை கொடுக்கும். அக்குவா போலக் காரை இழுத்துக்கொண்டு ஓடாது. ஏசி கம்பிரசர் இன்ஜின் பெல்ட்டில் ஓடுவதால் உள்ளே சூடு கூடினால் இன்ஜின் மறுபடி எழும்பும். நம் மத்தியானத்தில் அது அடிக்கடி நடக்கும், பழுதல்ல. சீட் பெல்ட் போடாவிட்டாலும், கதவு சரியாகப் பூட்டுப்படாவிட்டாலும் அணையாது. நிற்கும்போது இன்ஜினை அணைக்கும் ஐடில் ஸ்டொப்பை நிறுத்தும் பட்டனை யாராவது அமத்திவிட்டார்களா என்றும் பாருங்கள். காலை நேரக் குளிர்ச்சியிலும் அணையவில்லை என்றால் 12 வோல்ற் பற்றரி தளர்ந்திருக்கும். ஓர் இரவு நின்ற காரில் 12.6 இருக்க வேண்டும். மாற்றும்போது ஐடில் ஸ்டொப் காருக்கு உரிய வகையையே கேட்டு வாங்குங்கள். சாதாரண பற்றரி மலிவாகக் கிடைக்கும், சீக்கிரம் சாகும்.

அக்குவாவிலும் மூன்றாம் தலைமுறைப் பிரியஸிலும் சின்னப் பற்றரி, அதாவது 12 வோல்ற் பற்றரி, காருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு வாயு வெளியேறும் குழாய் உள்ள வகைதான் போட வேண்டும். குழாயைப் பூட்டாமல் விட்டால் வாயு உள்ளே இருப்பவர்களின் மூக்குக்கு வரும்.

காசு கொடுத்து ஏமாறும் இடங்கள்

ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்குச் செய்த இன்ஜினுக்கு 92 ஒக்டேன் போதும். 95 அடித்தால் செட்டில் கூடக் கொடுப்பீர்கள், மீற்றரில் கூடாது. பெற்றோல் குழாயில் கட்டும் காந்தம், டாங்கில் ஊற்றும் மருந்து, இவற்றையும் விட்டுவிடலாம்.

பழைய ஹைபிரிட் வாங்கப் போகும்போது டிஸ்பிளேயில் 26 காட்டி, எந்த லைட்டும் எரியாமல் இருந்தால் உடனே மயங்க வேண்டாம். சின்னப் பற்றரியைக் கழற்றி மாட்டினாலோ ஸ்கேனரால் அழித்தாலோ கோட்டுகள் போய்விடும். சராசரியும் புதிதாகத் தொடங்கும். ஸ்கேனரில் ‘கோட் அழித்த பின் ஓடிய தூரம்’ என்று ஒரு வரி உண்டு. அதில் 12 கி.மீ. என்று இருந்தால், விற்பவர் வீட்டில் இருந்து நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள்.